துருபதூர் என்னும் பெயர் வழக்கு

நம் சமுதாய மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் நெடுங்காலமாக ஒரு செய்தி வலம் வருகின்றது. இடைக்கால ஐரோப்பாவில் அரண்மனைக்கு அரண்மனை சென்று காதற்பாட்டுப் பாடிய கவிஞர்களுக்குத் 'துருபதூர்' என்று பெயர். அப்பெயர் அரபு மொழியின் 'தரப்' என்னும் சொல்லினின்றும் பிறந்தது. ஆகவே ஐரோப்பியக் கவிதையே அரபியர் இட்ட பிச்சை என்பது அச்செய்தி. சொல்பவருக்குக் கைதட்டலும் கிடைத்துவிடுகின்றது. அவர் அரபு அகராதியைப் புரட்டினாரா, துருபதூர்களின் மொழி இன்னதென்று அறிவாரா என்று எவரும் வினவுவதில்லை. நாம் வினவ விரும்புகின்றோம். அக்கூற்றில் மெய் இல்லாமல் இல்லை. ஆயின், அது சுட்டிக்காட்டப்படும் இடத்தில் இல்லை, வேறோரிடத்தில் இருக்கின்றது.

முதற்கண் இவர்கள் யாவர் எனத் தெளிதல் வேண்டும். பதினோராம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி வரை, இன்றைய பிரான்சின் தென்பாகத்தில் வழங்கிய ஒக்ஸிதான் மொழியில் பாட்டியற்றியவர்களே துருபதூர்கள். பழைய நூல்கள் அம்மொழியைப் ப்ரொவான்ஸ் மொழி என்னும். ஏறத்தாழ 2,500 பாடல்களும் நானூற்றுக்கு மேற்பட்ட புலவர் பெயர்களும் நமக்கு எஞ்சியுள்ளன. அவருள் தியா நாட்டுக் கோமகள் முதலாய பெண்பாற் புலவர்களும் உளர். பாடல் கிடைத்துள்ள முதல் துருபதூர், அக்கித்தேன் நாட்டுக் கோமகனான ஒன்பதாம் வில்லியம் (1071–1126). பிரெஞ்சு மன்னனின் நேரடி ஆட்சியில் இருந்த நிலத்தினும் பரந்த நிலம் இவருக்கு உரியதாயிருந்தது. இத்தகையவரை 'நாடோடிப் பாடகர்' என்று எழுதுவது நகைப்பிற்குரியது.

அலைந்து திரிந்தவர் வேறு. துருபதூர் கட்டிய பாட்டை மனனம் செய்து, நரம்புக் கருவியுடன் ஊர் சுற்றிப் பாடிப் பொருள் பெற்றவனுக்கு 'ஜொக்லார்' என்று பெயர். வேடிக்கை செய்வோன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் அது. இரு தொழிலையும் ஒருவரே செய்ததும் உண்டு. செர்க்கமோன் என்று ஒரு புலவர் இருந்தார். 'உலகைச் சுற்றித் தேடுவோன்' என்பது அப்பெயரின் கருத்து. எனினும் இயற்றுவோன் வேறு, பாடுவோன் வேறு என்னும் வேறுபாடு அவர்களிடையே வன்மையாக நிலவிற்று. 1274-ஆம் ஆண்டில், கடைசித் துருபதூர்களுள் ஒருவரான நர்போன் ஊர்க் கிரோத் ரிக்கியே என்பார், காஸ்தீல் மன்னர் பத்தாம் அல்போன்சோவுக்குச் செய்யுள் வடிவில் ஒரு விண்ணப்பம் விடுத்தார். குரங்காட்டுவோனையும் தெருக்கூத்தாடியையும் நற்புலவனையும் ஒரே பெயரால் அழைப்பது தகாது, தரம் பிரித்துப் பெயர் வழங்கவேண்டும் என்பது வேண்டுகோள். மறுவருடம் மன்னர் பெயரால் மறுமொழியும் வந்தது. அம்மறுமொழியையும் ரிக்கியேயே எழுதியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் ஐயுறுவர். அது எவ்வாறாயினும், பெயர் குறித்த இவ்வழக்கு நம் காலத்தில் தொடங்கியதன்று. அப்பெயருக்கு உரியோரே அதனைத் தொடுத்துவிட்டனர். இயற்றுவோன், பாடுவோன் என்னும் இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஒக்ஸிதானில் 'த்ரொபார்' என்றொரு வினைச்சொல் உண்டு. கண்டெடுத்தல் என்பது ஒரு பொருள். பாட்டுக் கட்டுதல் என்பது மற்றொரு பொருள். அவ்வினையைச் செய்பவன் த்ரொபதோர். அதனைப் பிரெஞ்சுக்காரர் துருபதூர் ஆக்கினர். இதுவரையில் எவருக்கும் பிணக்கில்லை. 'த்ரொபார்' எங்கிருந்து வந்தது என்பதில்தான் பிணக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ஃப்ரீட்ரிக் டீஸ், கலக்குதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையே அதன் மூலம் என்றார். நீரைக் கலக்கி மீனைத் தேடிப் பிடிப்பதனின்றும் 'கண்டெடுத்தல்' என்னும் பொருள் தோன்றிற்றாம். குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது நாம் அறியாததன்று. பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பாரி இதனை மறுத்து, 'த்ரோபுஸ்' என்னும் சொல்லைக் காட்டினார். தேவாலய வழிபாட்டிசையில் இடையிடையே புதிதாகச் சேர்க்கப்படும் அடிகளுக்கு அப்பெயர் உண்டு. ஒக்ஸிதான் நிலத்திலேயே அமைந்த லிமோஜ் நகரின் புனித மர்சியால் மடம் இவ்வகைப் பாட்டுகளுக்குப் பேர்பெற்றது. ஆகவே அச்சொல்லினின்றும் 'த்ரோபாரே' என்னும் வினை பிறந்து, அது பாட்டுக் கட்டுதலைக் குறித்து, பின்னர்க் கண்டெடுத்தலையும் குறித்தது என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய அகராதிகள் பல இதனையே ஏற்றுள்ளன.

ஸ்பெயின் நாட்டு அரபு அறிஞர் ஹூலியான் ரிபேரா, 1928-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில், 'தரப்' என்னும் அரபுச் சொல்லே மூலம் என்று எழுதினார். நம் மேடைகளில் ஒலிப்பது அவர் குரலின் எதிரொலியே. 1966-இல் ரிச்சர்ட் லெமே என்பார் 'தரப்' அன்று, 'ளரப' என்றார். ஊதின் நரம்பைத் தட்டி வாசிப்பதை அரபியர் 'ளரப' என்னும் வினையால் கூறுவது உண்மையே. ஸைது அம்ரை அடித்த கதையோடு நஹ்வுப் பாடம் தொடங்கிய நம்மவர்க்கு அவ்வினையை அறிமுகம் செய்யவேண்டுவதில்லை. பாவம் அம்ரு, இத்தனை நூற்றாண்டு அடிபட்டதற்குப் பலனாக ஐரோப்பியக் கவிதைக்கும் பெயர் கொடுத்தார் என்றால் நாமும் மகிழ்வோம்!

இனி 'தரப்' என்பதன் பொருளை நோக்குவோம். 'மகிழ்ச்சி', 'இசையின்பம்' என்று நம்மவர் எழுதிவிடுகின்றனர். அரபு அகராதி ஆசிரியர்கள் அவ்வளவில் நிற்பதில்லை. கடும் மகிழ்ச்சியாலோ கடும் துயராலோ மனிதனைப் பற்றிக்கொள்ளும் ஒருவகை நிலைகொள்ளாமை, உள்ளம் இலேசாகித் தன்வசம் இழத்தல் என்றே இப்னு மன்ளூரின் 'லிஸானுல் அரப்' முதலான நூல்கள் விளக்குகின்றன. மகிழ்ச்சியும் துயரும் ஒருங்கே அடங்கிய சொல் அது. தமிழில் அதற்கு நேர்ச்சொல் தேடி நாம் தோற்றிருக்கின்றோம். 'உருக்கம்' சற்று அருகில் வரும். ஆயினும் அதில் துள்ளல் இல்லை.

அச்சொல் யாருக்கு உரியது என்பதே இங்கு முதன்மையான கேள்வி. 'தரிப' என்னும் வினை கேட்பவனுக்கு நிகழ்வதைக் கூறும். அந்நிலையைக் கேட்பவனிடம் உண்டாக்கும் பாடகன் 'முத்ரிப்'. பாட்டை இயற்றுவோனுக்கோ இச்சொல் ஆகாது. அவன் 'ஷாஇர்', அவன் செய்வது 'நழ்ம்'. முற்கூறிய வேறுபாட்டை இங்குப் பொருத்திப் பார்க்கவேண்டும். 'தரப்' என்பதனின்றும் ஒரு பெயர் பிறந்திருக்குமாயின், அது பாடித் திரிந்த ஜொக்லாருக்கு ஒட்டியிருக்கவேண்டும். இயற்றுவதொன்றையே தன் பெருமையாகக் கொண்ட த்ரொபதோருக்கு அன்று. அரபு கற்றோர் இவ்விடத்தில் நின்று யோசித்திருக்கவேண்டும். யோசித்தவர் சிலரே.

'தரப்' என்பதோடு 'தவ்ர்' என்னும் மற்றோர் அரபுச் சொல்லும் சேர்ந்தே 'துருபதூர்' ஆயிற்று என்று சிலர் இன்னும் ஒருபடி மேலே செல்வர். இது செவிக்கு இனிய பிழை. ஒக்ஸிதான் மொழியில் இப்பெயர் எழுவாயாக வரும்போது 'த்ரொபாய்ரே' என்றும், ஏனைய வேற்றுமைகளில் 'த்ரொபதோர்' என்றும் நிற்கும். பேரரசனைக் குறிக்கும் சொல்லும் அவ்வாறே 'எம்பெராய்ரே', 'எம்பெரதோர்' என இருவடிவு கொள்ளும். நம் 'மரம்' என்பது 'மரத்தை' எனத் திரிவது போன்றது இது. 'தோர்' என்னும் ஈறு இலத்தீன் வழிவந்த விகுதி. பேரரசனுக்கும் காதலனுக்கும் பாடகனுக்கும் பொதுவானது. 'மரத்தை' என்பதில் உள்ள 'த்து' ஒரு தனி அரபுச் சொல் என்று ஒருவர் சாதித்தால் நாம் என்ன சொல்வோமோ, அதையே 'தவ்ர்' கட்சியினரை நோக்கி ஒக்ஸிதான் அறிந்தோர் சொல்வர்.

மற்றுமொரு தடை உண்டு. அரபியர் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த நிலம் ஸ்பெயினும் போர்த்துகலுமாகும். அவ்விடங்களின் அன்றாடப் பேச்சில் 'கண்டெடுத்தல்' என்பதற்கு இச்சொல் வேரூன்றவில்லை. ஸ்பானியர்க்கு 'அய்யார்', போர்த்துகீசியர்க்கு 'அஷார்' என்னும் வேறு சொற்களே உரியன. பாட்டுக் கட்டுவதற்கு மட்டும் அவர்கள் இச்சொல்லை ஆண்டனர். ஆனால் அரபியர் ஆட்சிக்கு வெளியே கிடந்த வடபிரான்சில் 'த்ரூவே' என்றும், இத்தாலியில் 'த்ரொவாரே' என்றும் அது வீட்டுச் சொல்லாயிற்று. கிணற்றுக்கு அருகில் உள்ள நிலம் காய்ந்திருக்க, காதத்துக்கு அப்பால் உள்ள வயல் அக்கிணற்று நீரால் விளைந்தது என்று கூறுவது போலாகும்.

எதிர்க்கட்சியாருக்கும் நாம் நியாயம் செய்யவேண்டும். 1982-இல் மரியா ரோசா மெனோக்கால் என்னும் அறிஞர் இச்சொற்பிறப்பை மீண்டும் விசாரணைக்குக் கொணர்ந்தார். பாட்டுக் கட்டுதல் என்னும் 'த்ரொபார்' அரபு வழிவந்து, கண்டெடுத்தல் என்னும் 'த்ரொபார்' இலத்தீன் வழிவந்து, ஓசை ஒப்புமையால் இரண்டும் ஒன்றாகியிருத்தல் கூடும் என்பது அவர் வாதத்தின் சாரம். நாம் மேலே கூறிய தடைகளுள் ஒன்று இதனால் வலு குன்றும், மறுப்பதற்கில்லை. அவர் எழுப்பிய முறையீடோ இன்னும் கனமானது. 'த்ரோபாரே' என்னும் தனிவினை எந்த இலத்தீன் ஏட்டிலும் அகப்படவில்லை. அறிஞர்கள் ஊகித்து உருவாக்கி, ஊகம் என்பதைக் காட்ட உடுக்குறி இட்டு அச்சிட்ட சொல் அது. ஊகச் சொல்லுக்கு அகராதியில் ஆசனம் இட்டவர்கள், இருக்கும் சொல்லாகிய 'தரப்' என்பதை மறுத்துரைக்கும் அளவுக்குக்கூட மதிக்கவில்லையே, ஏன்? 1987-இல் வெளிவந்த தம் நூலிலும் அவர் இதனையே கேட்டார். ஸ்பெயினிலிருந்து எது வந்திருந்தாலும் வரட்டும், அரபியரிடமிருந்து மட்டும் வந்திருக்கலாகாது என்னும் மனப்பான்மை ஒரு காலத்தில் ஐரோப்பியப் புலமையில் குடிகொண்டிருந்தது மெய். முறையீடு நியாயமானது. அதனால் முடிவும் நியாயமாகிவிடாது. ஒருவர் நம்மைப் புறக்கணித்தார் என்பது, நாம் சொன்னது சரி என்பதற்குச் சான்றாகுமா?

இவ்விடத்தில் ஓர் அரபு வியப்பையும் சொல்லிவைப்போம். அரபில் 'வஜத' என்றால் கண்டெடுத்தான். அதே வேரினின்றும் 'வஜ்து' என்னும் காதற் பரவசமும் பிறக்கின்றது. கண்டெடுத்தலும் பரவசமும் ஒரு வேரில் கூடியிருப்பது கண்டு, இதுவே துருபதூரின் மூலக்கருத்து என்று எழுதிவிடத் தோன்றும். தோன்றுவதோடு நிறுத்திக்கொள்வது நன்று.

மெய்யாகவே அரபு ஒரு சொல்லை ஈந்திருந்தால் அது எவ்வாறு தடம் பதிக்கும் என்பதை இசைக்கருவிகள் காட்டுகின்றன. 'அல்ஊது' என்னும் நரம்புக் கருவி, முன்னொட்டின் 'ல'கரத்தையும் சுமந்துகொண்டே ஸ்பெயினில் 'லவுத்' ஆகி, இத்தாலியில் 'லியூத்தோ' ஆகி, ஆங்கிலத்தில் 'லூட்' ஆயிற்று. 'ரபாப்' என்பது ஸ்பெயினில் 'ரபெல்', பிரான்சில் 'ரெபெக்'. 'அந்நஃபீர்' என்னும் எக்காளம் ஸ்பெயினில் 'அன்யாஃபில்'. கருவி வந்தது, பெயரும் கூடவே வந்தது, எவரும் மறுக்கவில்லை. துருபதூரின் பாட்டுக்குத் துணைநின்ற கருவியே அரபியரிடமிருந்து பெற்றதாயிருக்க, அதைப் பேசாது, ஐயத்திற்குரிய ஒரு பெயருக்காக வாதிடுவானேன்?

அதனினும் முக்கியமானது பாட்டின் வடிவம். கலீல் இப்னு அஹ்மது வகுத்த அரூள் இலக்கணப்படி, கஸீதா என்பது தொடக்கம் முதல் ஈறு வரை ஒரே இயைபில் ஓடுவது. இதனை உடைத்து, அந்தலுஸில் முவஷ்ஷஹ் பிறந்தது. கப்ரா என்னும் ஊர்ப் புலவர் ஒருவரே அதனைத் தோற்றுவித்தார் என்பர்; அவர் பெயரை இப்னு பஸ்ஸாம் ஒருவாறும், இப்னு கல்தூன் வேறொருவாறும் கூறுவர். இயைபு கண்ணிக்குக் கண்ணி மாற, ஒவ்வொரு கண்ணியின் இறுதியிலும் பொது இயைபு ஒன்று திரும்பத் திரும்ப வந்து பாட்டைக் கட்டிப்போடும். பேச்சுவழக்கு அரபில் அவ்வாறே அமைந்தது ஸஜல். குர்துபாவின் இப்னு குஸ்மான் (மறைவு 1160) அதன் தலைமகன். அவருடைய திவானின் ஒரே பிரதி ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் கிடைத்தது. மூன்று அடிகள் ஓரியைபு, நான்காம் அடி பொது இயைபு என்பது ஸஜலின் அடிப்படை அமைப்பு. ஒன்பதாம் வில்லியம் தம் இறுதிக்காலத்தில் பாடியதாகக் கருதப்படும் விடைபெறு பாடலின் அமைப்பும் அதுவே.

இப்னு குஸ்மானிடம் வில்லியம் கற்றார் என்று இதனை வைத்து எழுதிவிடலாகாது. வில்லியம் மறைந்தபோது இப்னு குஸ்மான் வாழ்ந்துகொண்டிருந்தார். இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களிலும் இதையொத்த அமைப்புகள் உண்டு என்று மறுப்போர் காட்டுவர். ஆனால் வடிவத்தோடு பொருளும் ஒத்துவரும்போது மறுப்பு தளர்கின்றது. அரபுக் காதற்பாட்டில் காதலரைக் கண்காணிக்கும் 'ரகீப்' உண்டு. துருபதூர் பாட்டில் காவலன் உண்டு. அங்கே கோள்மூட்டும் 'வாஷி'. இங்கே கோள்மூட்டும் பழிகாரன். அரபுப் புலவன் காதலியை 'ஸய்யிதீ', 'மவ்லாய' என ஆண்பாலில் விளிப்பான்; துருபதூரும் தன் தலைவியை 'மிதோன்ஸ்', அதாவது 'என் தலைவன்' என்றே விளிப்பான். இவ்வொப்புமைகளுள் ஒவ்வொன்றும் தனியே நின்றால் தற்செயல் எனலாம். எல்லாம் கூடி நிற்கும்போது அவ்வாறு சொல்ல நமக்கு மனம் துணியவில்லை.

கொடுக்கல் ஒரு பக்கமாகவும் இல்லை. முவஷ்ஷஹின் கடைசி அடிகளாகிய கர்ஜா, பேச்சுவழக்கிலோ அஜமி மொழியிலோ, பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாய்மொழியாக அமைதல் வேண்டும் என்று கெய்ரோவின் இப்னு ஸனாவுல் முல்க் 'தாருத் திராஸ்' என்னும் நூலில் விதித்தார். 1948-இல் சாமுவேல் ஸ்டெர்ன் என்னும் அறிஞர், எபிரேய முவஷ்ஷஹ்களின் இறுதியில் அதுவரை எவர்க்கும் விளங்காதிருந்த அடிகள் பழைய ஸ்பானியப் பேச்சுமொழியில் அமைந்தவை என்று கண்டு வெளியிட்டார். பின்னர் அரபு முவஷ்ஷஹ்களிலும் அவை கண்டறியப்பட்டன. அந்தலுஸின் புலவர்கள், தம் ஊர்ப் பெண்கள் அயல்மொழியில் பாடிய பாட்டைத் தம் கவிதைக்குத் தலைவாசலாக வைத்துக்கொண்டார்கள். பிச்சை இட்டவர், பெற்றவர் என்னும் பேச்சு இங்கே எடுபடாது.

பெயர் ஒரு வழியும் பொருள் ஒரு வழியும் செல்லும் என்பதற்கு நம் இலக்கியமே சான்று. 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா'வின் பெயரில் அரபுச் சொல் இருக்கின்றது. யாப்போ தமிழ் யாப்பு. கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்று பெயர்களைக் கடல்கடந்து வாங்கிய நாம், அவற்றைச் சிந்திலும் கண்ணியிலும் பாடினோம். பெயரை மட்டும் பார்த்து நம் கிஸ்ஸாக்களை அரபுக் கவிதை என்று ஒருவர் முடிவு கட்டினால் ஒப்புவோமா? துருபதூர்களிடத்தில் இது தலைகீழாக நிகழ்ந்தது: பெயர் அவர்களுடையது, பாட்டின் கூறுகள் பலவோ அந்தலுஸிலிருந்து சென்றவை.

எவ்வாறு சென்றன? பைரனீஸ் மலையைத் தாண்டிய வணிகர், தூதர், மொழிபெயர்ப்பாளர் என்று பலரைச் சொல்வர். எல்லாரும் சொல்லத் தயங்கும் வழி ஒன்றுண்டு. ஹிஜ்ரி 456, அதாவது கி.பி. 1064-இல், பிரான்சிலிருந்து வந்த படைகளும் பிறரும் பர்பஷ்துர் என்னும் அந்தலுஸ் நகரை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். முற்றுகையிட்டோருள் அக்கித்தேன் கோமகன் எட்டாம் வில்லியமும் ஒருவர் என்று வரலாற்றாசிரியர் பலர் குறிப்பர். இவரே நம் முதல் துருபதூரின் தந்தை. நகரத்துப் பெண்கள் கொள்ளைப் பொருளோடு பொருளாகப் பங்கிடப்பட்டனர். குர்துபாவின் வரலாற்றாசிரியர் இப்னு ஹய்யான் (987–1076) எழுதிய செய்தியொன்றை இப்னு பஸ்ஸாம் 'அத்தகீரா'வில் காத்துவைத்தார்; அல்மக்கரியும் பிற்காலத்தில் எடுத்தாண்டார்.

அந்நகரத்துப் பெருமகன் ஒருவரின் பெண்மக்களை மீட்க, யூத வணிகர் ஒருவர் பொருளுடன் சென்றார். அவ்வீட்டைக் கைப்பற்றிய ஃபிரங்கித் தலைவன், வீட்டுக்குரியவரின் ஆடையை உடுத்து, அவருடைய இருக்கையிலேயே அமர்ந்திருந்தான். பொன்னையும் பட்டையும் அவன் பொருட்படுத்தவில்லை. இவள் தன் தகப்பனுக்குப் பாடிவந்தவள் என்று ஒரு பெண்ணைக் காட்டி, ஊதை எடுத்து விருந்தினருக்குப் பாடுமாறு பணித்தான். நரம்பைச் சுருதி கூட்டும்போதே அவள் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவன் அதனை விரைந்து துடைத்தான். அவள் பாடிய அரபுக் கவிதை தமக்கே விளங்கவில்லை, அந்த ஃபிரங்கிக்கு எங்ஙனம் விளங்கியிருக்கும் என்கின்றார் வணிகர். ஆயினும் அவன் அதைக் கேட்டு நிலைகொள்ளாமல் மகிழ்ந்தானாம். அம்மகிழ்வைக் கூற அரபு ஏடு ஆளும் சொல் 'தரப்' என்பதே. எதுவும் கைகூடாமல் வணிகர் திரும்பினார்.

நம் மேடைகளில் முழங்கும் அச்சொல், ஐரோப்பியன் ஒருவனைக் குறித்து இங்கே எழுத்தில் நிற்கின்றது. அகராதி சொன்ன இரு பொருளும் அவ்வறையில் கூடியிருந்தன: மகிழ்ச்சி அவனுக்கு, துயர் அவளுக்கு. இவ்வாறு பிடிக்கப்பட்ட பாடகிகளின் வாயிலாகவே அந்தலுஸ் இசை அக்கித்தேன் அரண்மனையை எட்டியிருக்கும் என ஆய்வாளர் சிலர் ஊகிப்பர். ஊகமே, எனினும், 'தரப்' ஒலி திரிந்து 'த்ரொப்' ஆயிற்று என்பதினும் இது நம்பத்தகுந்ததாக நமக்குப் படுகின்றது.

'நம் முன்னோர் கொடுத்தார்கள்' என்று பெருமை பேசுவோர் இவ்வேட்டுப் பகுதியை ஏன் எடுத்தோதுவதில்லை என்பது நமக்கு விளங்காமல் இல்லை. கொடுத்தவள் மனமுவந்து கொடுக்கவில்லை. அத்துடன், 'கய்னா' என்னும் அப்பாடற் பெண்களின் நிலை ஃபிரங்கிகளின் வருகைக்கு முன்னரே என்ன? குர்துபாவிலும் இஷ்பீலியாவிலும் அவர்கள் இசையும் இலக்கணமும் கற்பிக்கப்பட்டு, கற்ற அளவுக்கு விலை ஏற்றப்பட்டு, சந்தையில் கைமாறியவர்கள். பர்பஷ்துர் வீழ்ந்த நாளில் அவளுக்கு உடைமையாளன் மாறினான்.